இடிக்கிறது என்றார்கள், அளந்து காட்டினார்!



ஃபிட்டிங் ஷாப்பில் ராவி ராவிக் கொண்டுபோன ஜாப், பொருத்திப் பார்க்கும்போது இடிக்கிறது என்று திரும்பி வந்தால் நம்ம முகம் சுருங்கிப்போகும். உலக விஞ்ஞானிகள் மத்தியிலேயே அப்படி ஒரு குறை சொல்லப்பட்டது ஒரு மேதைக்கு. அவர்தான் ஜி.என்.ராமச்சந்திரன்.

1922 அக்டோபர் 8-இல் எர்ணாகுளத்தில் பிறந்தார். அப்பா கணிதப் பேராசிரியர். பட்டப்படிப்பு படித்தது, நாம தஞ்சாவூர் வழியாக பஸ் ஏறிப் போகிற திருச்சியில், செயின்ட் ஜோசப் கல்லூரியில்! 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின் பொறியியல் படிக்கச் சேர்ந்தவர், சர் சி.வி.ராமனிடம் இயற்பியலுக்கு மாறினார். கேம்பிரிட்ஜ் போய்த் திரும்பி, 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானபோது வயசு முப்பதுதான்.

அங்கே அவர் கையில் எடுத்தது கொலாஜன். நம் தோலிலும் தசைநாரிலும் எலும்பிலும் இருக்கும் புரதம் அது. எக்ஸ்-ரே படங்களை வைத்துக்கொண்டு, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-இல் அதன் வடிவத்தைச் சொன்னார். மூணு புரி போட்டுத் திரித்த கயிறு மாதிரி, மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கின்றன என்றார்.

அப்போதுதான் எதிர்ப்பு வந்தது. டி.என்.ஏ. புகழ் கிரிக்கும் அவருடைய சகா ரிச்சும், அந்த மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி இடிக்கின்றன என்றார்கள். ராமச்சந்திரன் சோர்ந்து உட்காரவில்லை. சரி, அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்று எல்லைக் கணக்கையே எடுத்துவிடுவோம் என்று இறங்கினார்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீளமான சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய இணைப்புகள் முக்கியமாக இரண்டு. கதவுக் கீல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தெந்தக் கோணத்தில் திருப்பினால் அணுக்கள் இடிக்காது? சசிசேகரன், ராமகிருஷ்ணன் இருவருடன் கணக்குப் போட்டு, 1963-இல் ஒரே படத்தில் அடக்கிவிட்டார். பெரும்பகுதி இடம் இடிக்கும் இடம். அனுமதி சில சிறு பகுதிகளுக்குத்தான். அதுதான் ராமச்சந்திரன் வரைபடம்!

செல்லுக்குள் நெரிசல் அதிகம். பாதி மடிந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டுப்போகலாம். அப்படி ஒட்டாமல் காத்து, மடிய வாய்ப்புத் தருகிற துணைப் புரதங்களுக்கு சாப்பரோன் என்று பெயர். சில சாப்பரோன்கள் மூடிபோட்ட பீப்பாய் மாதிரி, சங்கிலியைத் தனியே உள்ளே வைத்து மடிய விடுகின்றன. எந்தத் துணை இருந்தாலும் சங்கிலி இடிக்காத கோணங்களில்தான் மடிந்தாக வேண்டும். அந்த எல்லையை வரைந்தவர் நம்மவர். புதிதாக ஒரு புரத வடிவம் கண்டால், சரியா என்று இன்றைக்கும் அந்தப் படத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

1977-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். நோபல் கிடைக்கவில்லை. 2001 ஏப்ரல் 7-இல் சென்னையில் மறைந்தார்.

தோழர்களே, அடுத்த முறை ஜாப் திரும்பி வந்தால் முகம் சுருங்க வேண்டாம். எங்கே இடிக்கிறது என்று அளந்து பார்ப்போம்!

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்