கரண்டியும் மெழுகுவர்த்தியும்
(டாக்டர் ரிச்சர்ட் பிரைட், 1789 - 1858)

போன வருஷம் எங்க மாமாவுக்கு ரெண்டு காலும் வீங்குச்சு. கிட்னியில கோளாறுன்னு சொன்னாங்க. கொஞ்ச நாள்ல இடது கால் மட்டும் ரொம்ப வலிச்சுது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தா உள்ளே ரத்தம் உறைஞ்சிருக்காம். கிட்னிக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்னு அத்தை கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அறிவியல் டீச்சரிடம் கேட்டுத் தேடினபோதுதான் இவர் பேர் எனக்குக் கிடைச்சது.

ரிச்சர்ட் பிரைட் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் 1789-ல் பிறந்தார். ஊர் சுற்றுவதில் ஆசை அதிகம். படிக்கும்போதே 1810-ல் ஐஸ்லாந்து போய் வந்தார். அப்புறம் ஹங்கேரிக்கும் போய்ப் பயண நூல் எழுதினார். நன்றாகப் படமும் வரைவார். 1820 முதல் லண்டனில் கய்ஸ் மருத்துவமனையில் டாக்டராக வேலை பார்த்தார். 1823-ல் அவர் மனைவி இறந்துபோனார். கைக்குழந்தையோடு இருந்தும் வேலையை விடவில்லை.

அந்தக் காலத்தில் உடம்பு வீங்கி வந்தால் நீர்க்கோவை என்று சொல்லி விட்டுவிடுவார்கள். பிரைட் அப்படி விடவில்லை. நோயாளியின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்தியில் காட்டுவார். சிலருடையது முட்டை வெள்ளைக்கரு மாதிரி கெட்டியாகிவிடும். சூடாக்கிப் பார்ப்பது முன்னாடியே சிலருக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்த நோயாளி இறந்த பிறகு உடலை அறுத்து, சிறுநீரகம் சுருங்கி, கரடுமுரடாக இருப்பதைப் பார்த்து, வீக்கம், சிறுநீர், சிறுநீரகம் மூன்றையும் முடிச்சுப் போட்டவர் இவர்தான். 1827-ல் படங்களோடு புத்தகமாக வெளியிட்டார். அந்த நோய்க்கே பிரைட் நோய் என்று பேர் வந்தது.

அத்தை கேட்ட கேள்விக்கு விடை அந்தக் கரண்டிக்குள்ளதான் இருக்கு! கெட்டியானது ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம். சிறுநீரக வடிகட்டி பழுதானால் அது வெளியே போயிடும். குழாய்க்குள்ளே ரத்தம் உறையாமல் காக்கிற புரதமும் கூடவே போயிடும். அதனால் காலில் ரத்தம் கட்டும். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. நோய் முற்றினால் இன்னொரு கூத்து. கழிவு ரத்தத்திலேயே தங்கி, தட்டணுக்கள் சரியாக ஒட்டாது. மூக்கிலோ ஈறிலோ ரத்தம் வந்தால் சீக்கிரம் நிற்காது. ஒரே ஆளுக்கு ரெண்டும் வரலாமாம். எனக்கு முதலில் நம்பவே முடியவில்லை.

பிரைட்டுக்கு இதெல்லாம் தெரியாது. தட்டணுக்களைப் பற்றியே பிற்பாடுதான் தெரிய வந்தது. அப்போ வைத்தியம் என்றால் கத்தியால் கீறி ரத்தம் எடுப்பது. இவரும் அதைச் செய்தார். ஏற்கனவே ரத்தம் நிற்காதவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்! படிக்கும்போது எனக்குக் கோபமாகவும் பாவமாகவும் இருந்தது.

1840-களில் சிறுநீரக நோயாளிகளுக்கென்றே 42 படுக்கைகளும் ஒரு சோதனைக்கூடமும் வாங்கி ஆராய்ந்தார். 1858 டிசம்பர் 16-ல் இதய நோயால் காலமானார்.

இப்ப கரண்டி வேண்டாம். ஒரு பட்டையைச் சிறுநீரில் முக்கி நிறம் பார்க்கிறாங்க. மாமா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். சவரம் பண்ணும்போது சின்னக் கீறல் பட்டாலும் ரத்தம் நிற்க நேரமாகுது. அத்தைக்குக் கரண்டி கதையைச் சொன்னேன். அன்னைக்கு முட்டை வேகும்போது சட்டியையே பார்த்துக்கிட்டு நின்னாங்க.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி