சார்லஸ் ஹக்கின்ஸ்: அடங்கிய புற்றுநோய் ஏன் திரும்புகிறது?

முள்ளிவாய்க்காலில் வயதான ஒருவருக்கு முதுகெலும்பு விடாமல் வலித்தால், பழைய ஷெல் காயத்தின் வலி என்று நினைத்துவிடுவது எளிது. அது எலும்புக்குப் பரவிய புரோஸ்டேட் புற்றுநோயாகவும் இருக்கலாம். இந்நோய்க்கு இன்று கொடுக்கப்படும் ஹோர்மோன் சிகிச்சைக்கு வழி திறந்தவர் சார்லஸ் ஹக்கின்ஸ்.

1901இல் கனடாவின் ஹலிஃபாக்ஸ் நகரில் பிறந்தவர். ஹார்வர்டில் மருத்துவம் படித்து, 1927இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மனிதரைப் போலவே வயதான நாய்களுக்கும் புரோஸ்டேட் சுரப்பி வீங்கும். ஆண் ஹோர்மோன் இல்லாதபோது அது சுருங்குவதை அவர் நாய்களில் கண்டார். பின்னர் புற்றுநோய் முற்றிய ஆண்களின் விதைகளை அகற்றியும், பெண் ஹோர்மோன் கொடுத்தும் பார்த்தார். பலருக்கு நோய் பின்வாங்கியது, எலும்பு வலியும் தணிந்தது. 1941இல் இம்முடிவுகள் வெளிவந்தன. 1966இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அடங்கிய நோய் மீண்டும் தலைதூக்கியது. சிறுநீரகங்களின் மேலுள்ள அதிரீனல் சுரப்பிகளிலிருந்தும் ஆண் ஹோர்மோன் வருகிறது என்று ஹக்கின்ஸ் கருதினார். 1945இல் அவற்றை அகற்றும் சத்திரசிகிச்சையை முயன்றார். அந்தச் சுரப்பிகளின் வேலையை ஈடுசெய்யும் கோர்ட்டிசோன் மருந்து அப்போது கைக்கு எட்டாததால் அது கைகொடுக்கவில்லை. 1951இல் சிக்காகோவில் தொடங்கிய பென் மே புற்றுநோய் ஆய்வுகூடத்தை 1969வரை வழிநடத்தினார். 1997இல், 95 வயதில் காலமானார்.

அவருடைய ஊகம் வீண்போகவில்லை. லண்டன் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் உருவான அபிராட்டரோன் மாத்திரை, அதிரீனல் சுரப்பிகளிலும் புற்றுக்கட்டியிலும் ஆண் ஹோர்மோன் உருவாவதைத் தடுக்கிறது. 2011இல் அமெரிக்கா அதற்கு அனுமதி வழங்கியது. ஹோர்மோன் ஊசிக்கு அடங்காத நோய்க்கும் அதன்பின் இன்னொரு வழி பிறந்தது.

வன்னியில் இருப்பவர்களுக்கு தெல்லிப்பழையிலும் மகரகமவிலும் அரச புற்றுநோய் வைத்தியசாலைகள் உள்ளன. சிகிச்சைக்குப் பிறகு பி.எஸ்.ஏ. அளவு மீண்டும் ஏறினால், இனி ஒன்றுமில்லை என்று வீட்டில் இருந்துவிட வேண்டாம். அடுத்த மருந்து எது, அது எங்கே கிடைக்கும், ஆய்வுச் சிகிச்சைகளில் சேர முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். உடலில் ஷெல் துண்டு இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் கட்டாயம் சொல்லுங்கள். பழைய அறிக்கைகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.