கல் தேடிய கலாயோகி

1964-ஆம் ஆண்டின் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்கள் பலர் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினார்கள். அவர்கள் விட்டுவந்த மலைக்கும் நீலகிரிக்கும் தேயிலை மட்டுமா உறவு? இரண்டின் அடியிலும் சார்னோக்கைட் என்ற ஒரே இனத்துக் கரும்பாறை கிடக்கிறது. அந்த இலங்கை மலைகளைக் கல் கல்லாக ஆராய்ந்தவர்களில் ஒருவர், நடராஜ தத்துவத்தை உலகுக்கு விளக்கிய ஆனந்த குமாரசுவாமி என்றால் பலருக்கு வியப்பாயிருக்கும்!

1877-ல் கொழும்பில் பிறந்தார். தந்தை ஸர் முத்துக் குமாரசுவாமி. தாய் ஆங்கில மாது. இரண்டு வயது நிரம்புமுன் தந்தை காலமானார். இங்கிலாந்தில் வளர்ந்து, லண்டனில் பூகர்ப்ப சாஸ்திரமும் தாவர சாஸ்திரமும் கற்று, 1903-ல் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் டைரக்டரானார்.

சப்பிரகமுவா மாகாணத்து ரக்வானை அதற்கு முன்பே கனிநூலாரிடம் பெயர் பெற்ற ஊர். 1892-ல் பேட்லி என்பவருக்கு அங்கே அகப்பட்ட அபூர்வத் தாதுவுக்கு பேட்லியைட் என்று பெயரிட்டிருந்தார்கள். சிர்க்கோனியம் பெரும்பாலும் மணற்சத்தோடு கூடி, சிர்க்கான் என்ற கல்லாகவே கிடைக்கும். பிராணவாயுவோடு மட்டும் சேர்ந்து பேட்லியைட்டாகக் கிடைப்பது அரிது. சுமார் 2,700 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில்தான் அது உருகும்.

அதே மாகாணத்துப் பலாங்கொடைப் பகுதியில், மாணிக்கம் தேடுவோர் அரிக்கும் சரளையிலிருந்து, 1904-ல் குமாரசுவாமியின் கைக்குச் சில கறுப்புக் கற்கள் வந்தன. சின்னஞ்சிறு கனசதுரங்கள்; நீரைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு கனம். யுரேனியத் தாது என்றே முதலில் எண்ணினார். லண்டனில் சோதித்தபோது ஏறக்குறைய முக்கால் பங்கு தோரியம் ஆக்ஸைடு என்று தெரிந்தது. புதிய தாது! தோரியனைட் என்று பெயர் பெற்றது. காஸ் விளக்கு மாண்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது.

கல் தேடி ஊர் ஊராகச் சென்றவரின் கண்ணில் வேறொன்றும் பட்டது. சீமைச் சரக்கின் போட்டியில் கிராமத்துக் கைவினைஞர்கள் தொழில் இழந்து நின்றார்கள். கல் எத்தனை காலமும் பூமியில் காத்திருக்கும்; கைவேலையோ ஒரு தலைமுறை கற்காவிட்டால் அழிந்துவிடும். 1906-ல் விஞ்ஞான டாக்டர் பட்டம் பெற்றவர், அந்தத் துறையில் மேலே போகாமல் கலையின் பக்கம் திரும்பினார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெரு நூல் 1908-ல் வெளிவந்தது. 1917-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலைக் காட்சிசாலையில் சேர்ந்து, 1947-ல் காலமாகும்வரை அங்கேயே பணியாற்றினார்.

பேட்லியின் பெயர் கல்லில் நிலைத்துவிட்டது. குமாரசுவாமி கண்ட கல்லில் அவர் பெயர் இல்லை. ஆனால் தில்லைக் கூத்தனைப் பற்றிக் கற்றோர் பேசும் இடமெல்லாம் அது ஒலிக்கிறது.