ஜகதீச சந்திர போஸும் நீர்ப்பாசியின் புளிப்பும்

வங்கநாட்டில் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் பிறந்த ஜகதீச சந்திர போஸ், கல்கத்தா தூய சவேரியார் கல்லூரியில் லபோன் பாதிரியாரிடம் பௌதிகம் கற்றுக் கேம்பிரிட்ஜிலும் பயின்றார். 1885இல் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் ஆசிரியரானார். ஐரோப்பிய ஆசிரியர் பெற்றதினும் குறைந்த ஊதியமே அவருக்கு வகுக்கப்பட்டது. அதனைத் தொடாமலே மூன்றாண்டு கற்பித்தார். முடிவில் முழு ஊதியமும் நிலுவையோடு அவரை வந்தடைந்தது.

கம்பியில்லா மின்னலைகளை ஆராய்ந்து புகழெய்திய அவர், பின்னர்ச் செடிகளின்பால் கருத்தைச் செலுத்தி, 1917இல் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். அங்கு அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று ஹைட்ரில்லா. சூலக்கரையைச் சூழ்ந்த கண்மாய்களில் இறங்குவோர் காலைச் சுற்றும் பாசிக்கொடிகளைப் போன்று, நீருள்ளே மூழ்கி வாழும் எளிய பூண்டு அது.

வெயிலில் அப்பூண்டு விடும் பிராணவாயுக் குமிழிகளைத் தானே எண்ணிக் குறிக்கும் கருவியொன்றைப் போஸ் அமைத்தார். கோடைக்காலத்து ஹைட்ரில்லாவில் மாலிக் அமிலம் மிகுந்திருப்பதையும், கரியமிலவாயு இல்லாத நீரிலும் அது பிராணவாயு விடுவதையும் கண்டார். கரியமிலவாயுவுக்கு ஈடாக அவ்வமிலமே பயன்படுகிறதெனத் துணிந்து, 1924இல் நூலாக வெளியிட்டார்.

செடியின் புளிப்பு நம் நாட்டிற்குப் புதிதன்று. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஹைனே என்பார், ரணகள்ளி இலை காலையில் புளித்து, நண்பகலில் சுவையற்று, மாலையில் கசப்பதை நாவினாலேயே அறிந்து 1813இல் எழுதினார். ஆயின் அது நிலத்துச் செடி. நீரைச் சேமிக்கும் பொருட்டு இரவில் வாயுவை ஏற்பது. நீரில் மூழ்கிய செடிக்குப் புளிப்பு எதற்கு?

பாசி அடர்ந்த குளத்தில், பகலில் எல்லாச் செடியும் உண்பதால் கரியமிலவாயு அருகிவிடும். இரவில் உயிர்கள் விடும் மூச்சினால் அது பெருகும். ஐசோயிட்டிஸ் என்னும் நீர்ச்செடி இரவில் அவ்வாயுவை அமிலமாக்கிச் சேர்த்துப் பகலில் செலவிடுவதை, 1981இல் அமெரிக்க அறிஞர் கீலி வெளியிட்டார். ஹைட்ரில்லாவோ அருகிய வாயுவைப் பெரும்பாலும் பகலிலேயே பற்றி, அமிலமாக்கிப் பயன்கொள்ளுமெனப் பிற்கால ஆராய்ச்சி காட்டியது. போஸ் கண்ட கோடைப் புளிப்பு உண்மையே என்பது இவ்வாறு விளங்கிற்று.

அவ்விளக்கத்தைக் காண அவர் இல்லை. 1937 நவம்பர் 23ஆம் நாள் கிரிதியில் மறைந்தார். மறுக்கப்பட்ட ஊதியம் மூன்றாண்டில் கிடைத்தது. அப்பூண்டின் உண்மை துலங்கவோ ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்றது. அளந்து கண்டதை ஒளியாது எழுதிவைத்தல் அறிஞன் கடன். அதன் பயனைக் காலம் தரும்.