துளிகளை எடை போட்டவர்

கிராபீன், கார்பன் நானோகுழாய் பூசின எலெக்ட்ரோடை வச்சு லேப்ல வோல்ட்டாமெட்ரி எடுத்திருப்பீங்க. திரையில வளைஞ்சு வளைஞ்சு ஒரு கோடு வருமே, அதுக்குப் பின்னாடி ஒருத்தரோட வருஷக்கணக்கான வீண் உழைப்பு இருக்கு.

யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி, 1890-ல் பிராக் நகரில் பிறந்தவர். 1918-ல் முனைவர் பட்டத் தேர்வில் பேராசிரியர் குச்சேரா, பாதரசத் துளி எலெக்ட்ரோடு பற்றிய ஒரு புதிரை அவர் முன்னால் வைத்தார். மனுஷன் மாட்டிக்கிட்டார்! மெல்லிய கண்ணாடிக் குழாயில் சொட்டும் துளிகளைச் சேர்த்துச் சேர்த்து எடை போட்டார். விடை பிடிபடவே இல்லை. (நம்ம ஃபைனல் இயர் புராஜெக்ட் ஞாபகம் வருதா?)

1922 பிப்ரவரியில் எடையை விட்டுவிட்டு, கால்வனோமீட்டரை இணைத்து மின்னோட்டத்தை அளந்தார். மின்னழுத்தம் ஏற ஏற, மின்னோட்டம் படிபடியா எகிறியது. படி எந்த வோல்ட்டில் வருதோ, அது கரைசலில் இருப்பது எதுன்னு சொல்லும். படியின் உயரம், எவ்வளவுன்னு சொல்லும். ஒவ்வொரு துளியும் புதுப் பரப்பு என்பதால் அழுக்குப் படியும் தொல்லையும் கிடையாது. ஜப்பானியர் ஷிகாத்தாவோடு சேர்ந்து, கோட்டைத் தானே வரையும் போலரோகிராஃப் கருவியையும் செய்தார். 1959-ல் நோபல் பரிசு, 1967-ல் மறைவு.

பாதரசம் நச்சு, நேர் மின்னழுத்தத்தில் தானே ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும். அதனால், பாதரசம் மாதிரியே கார்பனையும் சொட்ட வைக்கலாம்னு அமெரிக்காவின் ரால்ஃப் ஆடம்ஸ் முயன்றார். சொட்டவில்லை. அதிலிருந்துதான் 1958-ல் கார்பன் பேஸ்ட் எலெக்ட்ரோடு வந்தது.