நீதிபதி சர் தி. முத்துசாமி ஐயர்

பிள்ளைகள் பாடத்தில் சுணங்கும்போது, தெருவிளக்கில் படித்து ஹைகோர்ட் ஜட்ஜ் ஆனவரைப் பார் என்று சொல்லாத தமிழ்க் குடும்பம் நம் காலனியில் இராது. ஆயினும் அவ்வாறு சொல்லும் நம்முள் எத்தனை பேர் அப்பெரியாரின் வரலாற்றை முழுமையாக அறிவோம்? தாயகத்தை விட்டு நெடுந்தொலைவில் மாதச் சம்பளத்தை நம்பி வாழும் நமக்கு, மாதம் 1 ரூபாய்ச் சம்பளத்தில் வாழ்வைத் தொடங்கிய சர் தி. முத்துசாமி ஐயரின் சரிதம் பெரிதும் உரியதாகும். ஆதலின் இம்மலரில் அதனைச் சுருக்கமாக எழுதப் புகுகின்றோம்.

ஐயர் அவர்கள் 1832ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் தஞ்சை ஜில்லா உச்சுவாடியில் ஓர் ஏழைக் குடும்பத்தில் தோன்றினார். இளம் வயதிலேயே தந்தையை இழந்தார். குடும்பம் பசியாற வேண்டிக் கிராமக் கணக்குப்பிள்ளைக்கு உதவியாளாக அமர்ந்தார். சம்பளம் மாதம் 1 ரூபாய். சில காலத்தில் அன்னையும் மறைந்தார்.

அந்நாளில் திருவாரூரில் தாசில்தாராக இருந்தவர் முத்துசாமி நாயக்கர். ஒருநாள் வெள்ளத்தால் அணையொன்று உடைந்ததெனச் செய்தி வந்தது. விவரம் அறிய அவர் குமாஸ்தாவை அழைத்தபோது குமாஸ்தா அலுவலகத்தில் இல்லை. அருகிருந்த சிறுவன் முத்துசாமியே சென்று, வேண்டிய விவரங்களையெல்லாம் திரட்டி வந்து பிழையின்றிச் சொன்னான் என்பர். அது அவன் வேலையன்று. அதற்கெனக் கூலியும் இல்லை. எனினும் தாசில்தார் அவனுடைய அறிவைக் கண்டுகொண்டார். முதலில் நாகப்பட்டினத்து மிஷன் பள்ளிக்கும், பின்னர்ச் சென்னைக்கும் தம் செலவில் அனுப்பிப் படிக்க வைத்தார். தம் குலத்தவன் அல்லாத ஓர் ஏழைச் சிறுவனுக்கு அவர் செய்த உதவி இன்றும் நினைக்கத்தக்கது.

சென்னையில் பவுல் துரை என்னும் ஆசிரியரின் அன்பு ஐயருக்குக் கிட்டியது. 1854ஆம் ஆண்டில் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் வென்று 500 ரூபாய்ப் பரிசு பெற்றார். கணக்குப்பிள்ளையிடம் நாற்பது ஆண்டுகள் உழைத்தாலும் அத்தொகை அவர் கைக்கு வந்திராது. 1856ஆம் ஆண்டில் தரங்கம்பாடி முன்சீப் ஆனார். பின்னர் டிப்டி கலெக்டராகவும், மங்களூரில் சப் ஜட்ஜாகவும், சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட்டாகவும், ஸ்மால் காஸ் கோர்ட்டு நீதிபதியாகவும் படிப்படியாக உயர்ந்தார்.

அக்காலத்து நீதிமன்றங்களின் நிலையையும் இங்கே எண்ணுதல் தகும். சுப்ரீம் கோர்ட்டும் சதர் அதாலத்தும் ஒன்றாகிச் சென்னை ஹைகோர்ட் 1862ஆம் ஆண்டில் அமைந்தது. 1870ஆம் ஆண்டுக் கோர்ட் கட்டணச் சட்டப்படி வழக்கின் தொகைக்கேற்ப ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். 5 ரூபாய் வழக்குக்கு 6 அணா. 100 ரூபாய் வழக்குக்கு 7 ரூபாய் 8 அணா. மாதம் 1 ரூபாய் ஈட்டும் ஒருவன் 100 ரூபாய்க் கடனைக் கேட்டு வழக்கிட வேண்டுமாயின், ஏழரை மாதச் சம்பளத்தை முன்னதாகவே கட்ட வேண்டும் என்பது இதனால் விளங்கும். வக்கீல் கூலியும் சாட்சிப் படியும் வேறு. இத்தனை விலை கொடுத்து வாயிலுக்கு வருபவனை அலட்சியம் செய்வது எத்துணைப் பாவம் என்பதை வறுமையில் வளர்ந்த ஐயர் உணர்ந்திருந்தார் போலும். மாஜிஸ்திரேட்டாக இருக்கையில், ஓர் இந்தியரை அடித்ததாகக் குற்றம் சாட்டப்பெற்ற ஆங்கிலேய ஹைகோர்ட் நீதிபதியையே நேரில் வரவழைத்து 3 ரூபாய் அபராதம் விதித்தார் என்பர்.

1877-78ஆம் ஆண்டுகளில் ஹைகோர்ட் நீதிபதிப் பதவி அவரைத் தேடி வந்தது. சென்னை ஹைகோர்ட்டில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. ஆனால் சென்னையிலிருந்த ஆங்கிலேயர்களின் பத்திரிகைகள் அதனைப் பொறுக்கவில்லை. வெள்ளையருக்குரிய சம்பளம் இந்தியருக்கு எதற்கு என்னும் வாதமும் எழுந்தது. வேலை ஒன்றாயின் கூலியும் ஒன்றாதல் வேண்டும் என்பது மாதச் சம்பளக்காரராகிய நமக்கு விளக்க வேண்டாத நியாயம். அவ்வேளையில் ஜி. சுப்பிரமணிய ஐயர், வீரராகவாச்சாரியார் முதலிய 6 இளைஞர்கள் 1 ரூபாய் 12 அணாக் கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20ஆம் நாள் 80 பிரதிகளுடன் ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினர். அதுவே இந்து பத்திரிகை.

ஐயரோ வாதுக்குச் செல்லவில்லை; தம் தீர்ப்புகளையே விடையாக்கினார். 1891ஆம் ஆண்டில் மலபார்த் திருமணக் கமிஷனுக்குத் தலைமை வகித்தார். 1893ஆம் ஆண்டில் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் வீற்றிருந்தார். 1895 ஜனவரி 25ஆம் நாள், பதவியில் இருக்கும்போதே இயற்கை எய்தினார். தலைப்பாகையும் வெறுங்காலுமாக அமர்ந்த அவரது பளிங்குச் சிலையைச் சென்னை ஹைகோர்ட்டில் காணலாம். ஊருக்குச் செல்லும் விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுதல் நலம்.

நம் பிள்ளைகள் அனைவரும் ஜட்ஜுகள் ஆகப் போவதில்லை. நம்மைப் போலக் கணக்கு எழுதுவோரே பலராவர். ஆயினும் தெருவிளக்கை மட்டும் சொல்லி நிறுத்தாமல், உடைந்த அணையையும் அவர்களுக்குச் சொல்வோமாக. பிறர் வேலையையும் தன் வேலை போல் பிழையறச் செய்தவனுக்கே கதவு திறந்தது. அதைத் திறந்துவிட ஒரு முத்துசாமி நாயக்கர் இருந்தார் என்பதையும் மறவாதிருப்போம். நம் காலனியிலும் பள்ளிச் சம்பளம் கட்ட இயலாது, புத்தகம் வாங்க வழியின்றித் தயங்கும் பிள்ளை எங்கேனும் இருக்கக்கூடும். அப்பிள்ளையைத் தேடிக் கண்டு கை கொடுப்பதே இச்சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு உண்மையான சிறப்பாகும் என்று நம்புகின்றோம்.