பெடோம் விட்டுச் சென்ற பெயர்கள்

திருத்தணி மலைமீது நின்று வடக்கே நோக்கினால் ஆந்திரத்துக் குன்றுகள் தெரிகின்றன. 1960-இல் எங்கள் ஊர் தமிழகத்துடன் இணைவதற்கு எத்தனை போராட்டங்கள் நடந்தன என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். எது எதற்கு உரியது என்று வரையறுப்பதன் அருமை எல்லையில் வாழ்வோருக்குத் தெரியும். அதே அருமையை உயிரினங்களில் கண்டவர் ரிச்சர்ட் ஹென்றி பெடோம்.

1830-இல் இங்கிலாந்தில் பிறந்த பெடோம், 1848-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். பின்னர், ஹியூ கிளெக்ஹார்ன் தலைமையில் உருவான சென்னை மாகாண வனத்துறைக்கு மாறினார். 1860 முதல் 1882 வரை அத்துறையின் தலைமைப் பொறுப்பு அவரிடமே இருந்தது. கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் மரம் தேவைப்பட்டதே அத்துறை பிறந்ததற்கு முதன்மையான காரணம். அவர் ஓய்வுபெற்ற 1882-இல் வந்த சென்னை வனச்சட்டம் மலைவாழ் மக்களின் உரிமைகளைச் சுருக்கியது. இந்தக் கசப்பான உண்மையையும் சேர்த்தே அவருடைய வாழ்வை எடைபோட வேண்டும்.

ஆயினும், மரத்தைக் கணக்கிட வந்தவர் சந்தையில் விலையே இல்லாத உயிர்களையும் கூர்ந்து நோக்கினார். ஆனைமலை, நீலகிரி, பழனிமலை என அலைந்து மரங்களையும் பெரணிகளையும் குறித்து நூல்கள் எழுதினார். மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகள் பலவற்றை முதன்முதலில் விவரித்தவர் அவரே. திருமலைப் பகுதிக்கே உரிய அரிய சைக்கஸ் தாவரம் 1883-இல் அவர் பெயரைப் பெற்றது. இன்று பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலில் அது பாதுகாக்கப்படுகிறது. பெயர் இருந்ததால்தான் அந்தப் பாதுகாப்பு சாத்தியமாயிற்று.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் சருகுகளிடையே தாவித் திரியும் தவளை ஒன்றுக்கும், 1876-இல் லண்டன் அருங்காட்சியகத்தின் ஆல்பர்ட் குந்தர் பெடோமின் பெயரைச் சூட்டினார். இக்குழுவின் தலைப்பிரட்டைகள் குளத்தில் வாழாமல், நீர் கசியும் பாறைகளில் ஒட்டி வளர்பவை. பெரிய தவளைகளோ பழுப்பு நிறத்தில் ஒன்றுபோலவே தோன்றும். விரல் நுனியின் வட்டு, விரலிடைச் சவ்வு, தோல் மடிப்பு போன்ற நுண்ணிய அடையாளங்களைக் கொண்டே அவற்றைப் பிரித்தறிய வேண்டும். அதனால் வெவ்வேறு இனங்கள் நெடுங்காலம் பெடோம் தவளை என்ற ஒரே பெயரில் அடங்கிக் கிடந்தன. அண்மையில் மரபணு ஆய்வு துணைக்கு வந்த பின்னரே புதிய இனங்கள் வெளிப்பட்டன. 2016-இல் இக்குழுவிலிருந்து வாக்கரானா என்ற தனிப் பேரினமே பிரிக்கப்பட்டது.

பொருளியல் பயின்ற எனக்கு இதன் பொருள் தெளிவு. கணக்கில் வராதது இழப்பாகவும் பதிவாவதில்லை. ஒரு மலைக்கு மட்டுமே உரிய தவளையை எங்கும் உள்ள தவளை என்று எண்ணினால், அந்த மலையில் அது அழியும்போது எவரும் கவலைப்படப் போவதில்லை. ஓர் அணைக்கோ சாலைக்கோ காட்டை விட்டுக்கொடுக்கும் முடிவும் இந்தப் பட்டியலைப் பார்த்தே எடுக்கப்படுகிறது.

1911-இல் பெடோம் மறைந்தார். வகைப்பாட்டியல் பயில இளைஞர்களை ஊக்குவிக்கும் பணியிடங்களும் நல்கைகளும் இன்று நம் பல்கலைக்கழகங்களில் போதுமானவையாக இல்லை. அவர் தொடங்கிய கணக்கு இன்னும் முடியவில்லை. அதை முடிக்க வேண்டியவர்கள் நாம்தான்.